புள்ளி தமிழ் கேட்கப் போகிறவர்களுக்குப் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும், உத்தமம் போன்ற தமிழ்க் கணிமை அமைப்புகளுக்கும், தமிழின் பெயரில் இணையத் தொழில் செய்ய நினைக்கிற நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பாம்பனில் ஒரு சின்னக் கணினி மையம் நடத்துகிறேன். ரேஷன் கார்டு திருத்தம், மீனவர் நலவாரிய விண்ணப்பம், கல்லூரி முடித்த பிள்ளைகளின் பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, கருவாட்டுப் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் என்று எல்லா வேலையும் ஒரே மேசையில்தான் நடக்கும். இணைய முகவரியின் கடைசியில் .காம் என்று வருகிறதே, அது போலத் தமிழுக்கென்று .தமிழ் என்ற ஒரு பின்னொட்டு வேண்டும், அதை எல்லாரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்பது ஆப்பிரிக்காவில் நடந்து முடிந்திருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் என் மேசைக்கு வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் மகளிர் குழு நடத்துகிற அக்கா. நெத்திலி, சீலா, திருக்கை என்று கருவாடு காயவைத்துப் பாக்கெட் போடுகிறார்கள். நடுவில் கொஞ்சநாள் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கவும் கடலுக்குள் போவார்கள். "நான் எப்படிக் கூப்பிடுறேனோ அதே பேருல இன்டர்நெட்டுல இருக்கணும்" என்றார். சரி என்று அவர் குழுவின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே .இந்தியா பின்னொட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஆயிரம் ஸ்டிக்கர் அடித்தோம். பாக்கெட்டில் கறுப்பு எழுத்தில் தமிழ் முகவரி பார்க்கவே அழகாக இருந்தது.

அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. கைபேசிச் செயலியில் அந்த முகவரியை அனுப்பினால் நீல நிறமாக மாறவில்லை, தொட்டால் திறக்கவில்லை. உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினாலோ, எக்ஸ் என் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, இரண்டு சிறுகோடு, அதன் பின்னால் வாயில் நுழையாத ஓர் எழுத்துக் குவியல். அக்கா திரையை என் பக்கம் திருப்பி, "இது என்னண்ணே பாஸ்வேர்டு மாதிரி இருக்கு? என் பேரு எங்க?" என்று கேட்டார். இணையத்தின் பெயர் முறை அடியில் இன்றும் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சிறுகோட்டையும் வைத்துத்தான் ஓடுகிறது, தமிழ் எழுத்தை அது அப்படி மாற்றித்தான் வைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அடுத்த தடவை ஸ்டிக்கர் அடிக்கும்போது கைபேசி எண்ணை மட்டும் போடச் சொன்னார்.

இன்னொருவன் மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்த பையன். கல்லூரியில் படிக்கிறான். பெற்றோர் மன்னார்ப் பக்கம். அந்த ஊர்க் கடல் சொற்களை முகாமில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வலையின் பாகங்கள், காற்றின் பெயர்கள், மீன் பெயர்கள். பாம்பனில் நாங்கள் சொல்வதற்கும் அவர்கள் சொல்வதற்கும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பக்கத்தில் குறித்திருக்கிறான். அதை இணையத்தில் போட வேண்டும் என்று வந்தான். "தமிழ்லயே பேர் வாங்கலாம்னு சொன்னாங்களே, எனக்கு எது?" என்றான். தமிழ் எழுத்தில் இருக்கிற பின்னொட்டுகளைச் சொன்னேன். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். அவன் சிரித்தான். இலங்கையை அவன் கண்ணால் பார்த்ததில்லை. இந்தியக் குடியுரிமை அவனுக்கு இல்லை. கடைசியில் காம் என்று முடிகிற ஆங்கில முகவரி ஒன்றைத்தான் வாங்கினான்.

அந்த மூன்றும் 2010, 2011 வாக்கில் வந்தவை. மூன்றும் நாடுகளின் பெயர்கள், கேட்டு வாங்கியவை அந்தந்த நாட்டு அமைப்புகள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவை வந்தது நல்லதுதான். ஆனால் மொழியின் பெயரில் நமக்கு ஒன்று இல்லை. கத்தலான் மொழிக்காரர்களுக்கு 2005-லேயே .கேட் கிடைத்துவிட்டது. அவர்களும் நம்மைப் போலத்தான், ஸ்பெயினில் ஒரு பங்கு, பிரான்சில் ஒரு பங்கு, அந்தோராவில் ஒரு பங்கு என்று எல்லை தாண்டிக் கிடப்பவர்கள். பாஸ்க் மொழிக்கு, கலீசிய மொழிக்கு, பிரெத்தான் மொழிக்கு, வெல்ஷ் மொழிக்கு எல்லாம், புதுப் பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் வாங்கிய 2012 சுற்றில் கேட்டு வாங்கிவிட்டார்கள். இவர்கள் எண்ணிக்கையில் நம்மைவிட எவ்வளவோ குறைவு.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றுகொண்டு கைபேசியை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வந்து நிற்கும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கைபேசிக் கோபுரத்துச் சமிக்ஞை எல்லை பார்ப்பதில்லை, இணையப் பெயர்தான் எல்லை பார்க்கிறது. கீழக்கரைக்குப் போனால் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ கொழும்பிலோ இருப்பார். இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, தமிழ் என்ற பின்னொட்டு ஏதோ பெருமைக்குக் கேட்பதாகத் தோன்றவில்லை. அன்றாடம் வேலைக்கு வேண்டியதாகத்தான் தெரிகிறது.

இப்போது ஆப்பிரிக்கா.

அந்தக் கண்டத்துக்குப் பொதுவாக ஒரு பின்னொட்டு வேண்டும் என்ற பேச்சை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் எத்தியோப்பியாவில் பிறந்த சோஃபியா பெக்கெலே. அவர் தொடங்கிய டாட்கனெக்ட்ஆப்பிரிக்கா அமைப்புக்கு 2009-இல் ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையம் ஆதரவுக் கடிதம் கொடுத்தது. 2010-இல் அதே ஆணையம் அந்த ஆதரவைத் திரும்பப் பெற்றது. முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கேட்டுத் தேர்ந்தெடுப்போம் என்றது. அதில் தேறியது தென்னாப்பிரிக்காவின் ஒரு பதிவகம், அதாவது பின்னொட்டை நடத்தி அதில் பெயர்களைப் பதிந்து வைக்கிற அமைப்பு. பின்னாளில் அதற்கு இசட்ஏ சென்ட்ரல் ரெஜிஸ்ட்ரி என்று பெயர். 2012-இல் இணையப் பெயர்களை மேற்பார்க்கிற ஐகேன் வாசலைத் திறந்தபோது இரண்டு பேரும் ஒரே பெயருக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர்.

கண்டத்தின் பெயர் என்பதால் அங்குள்ள அரசுகளில் 60 விழுக்காட்டின் ஆதரவு வேண்டும் என்பது விதி. 2013-இல் ஐகேனின் அரசுகள் ஆலோசனைக் குழு, டாட்கனெக்ட்டின் விண்ணப்பம் மேலே போகக் கூடாது என்றது. ஐகேன் நிறுத்திவிட்டது. அவர்கள் தனி நடுவர் ஆய்வுக்குப் போனார்கள். 2015 ஜூலையில் நடுவர்கள், ஐகேன் தன் சொந்த விதிகளுக்கே ஒவ்வாமல் நடந்துகொண்டது என்று சொன்னார்கள். விண்ணப்பத்துக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் அரசுகளின் ஆதரவு போதாமல் மறுபடி விழுந்தது. 2016-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்கு. தடையுத்தரவு. 2017 பிப்ரவரியில்தான் தென்னாப்பிரிக்கப் பதிவகத்தின் கைக்கு அந்தப் பின்னொட்டு வந்தது, ஜூலையில்தான் யார் வேண்டுமானாலும் பெயர் வாங்க முடிந்தது. வழக்கு அதற்குப் பிறகும் ஓடியது.

விண்ணப்பம் போட்டதிலிருந்து ஐந்து வருஷம். ஆப்பிரிக்காவின் பெயர் யாருக்கு என்பதைக் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். நைரோபியிலோ அக்ராவிலோ என் மாதிரி ஒருவன் தன் மேசையில் ஸ்டிக்கர் அடிக்கக் காத்திருந்திருப்பான் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சண்டையின் வேர், கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கியதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். டாட்கனெக்ட் பல வருஷம் உழைத்திருந்தது, அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. எல்லா அரசுகளுக்கும் பொதுவான பெயர் திறந்த முறையில் போக வேண்டும் என்று ஆணையம் நினைத்ததும் புரிகிறது. அந்த நினைப்பு கடிதம் கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அதனால் தமிழ்நாடு அரசுக்கு என் முதல் வேண்டுகோள்: யாராவது வந்து ஆதரவுக் கடிதம் கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் எல்லாரையும் ஓர் அறைக்குக் கூப்பிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் திரும்ப வாங்காதீர்கள்.

நம் நிலைமை ஆப்பிரிக்காவைவிடச் சிக்கலானது. .தமிழ்நாடு என்று கேட்டால் அது மாநிலத்தின் பெயர், அரசின் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது. தமிழ் என்பது மொழியின் பெயர். அதற்கு அந்த 60 விழுக்காட்டு வேலி கிடையாது. பணமும் தொழில்நுட்பத் திறனும் இருக்கிற எவரும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். 2026 சுற்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர், ஏறத்தாழ 2 கோடி ரூபாய். ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு அது எட்டாத தொகை இல்லை.

இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்டு, இரண்டு பேருமே தேறிவிட்டால் என்ன ஆகும்? கடைசியில் ஏலம். 2016-இல் .வெப் என்ற பின்னொட்டு 13.5 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே வருஷம் .ஷாப் 4.15 கோடி டாலருக்குப் போனது. தமிழுக்கு அவ்வளவு விலை ஏறாது. ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு ஏறினாலும் ஓர் அறக்கட்டளையால் தாங்க முடியுமா? நிறுவனம் தாங்கும். தாங்கிவிட்டு, போட்ட பணத்தை எடுக்கப் பெயருக்கு விலை வைக்கும். அந்த விலையைக் கொடுக்கப் போவது கருவாடு விற்கிற அக்கா.

ஏலத்துக்குப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரு சமூகத்தின் பெயரால், அந்தச் சமூகத்தின் ஆதரவோடு கேட்கிற விண்ணப்பத்துக்கு ஐகேன் முன்னுரிமை கொடுக்கும். 2012 சுற்றில் அதற்கு 16 மதிப்பெண்ணில் 14 வாங்க வேண்டியிருந்தது. ரொம்பக் கடினமான தேர்வு, பலர் தோற்றார்கள். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சமூகத்துக்குள்ளிருந்து எதிர்ப்பு வந்தால் மதிப்பெண் குறையும் என்பது. அதாவது சென்னையிலிருந்து ஒரு தமிழ் அமைப்பும் வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ் அமைப்பும் ஒன்றையொன்று எதிர்த்து எழுதிக்கொண்டால், இரண்டுமே முன்னுரிமையை இழக்கலாம். மூன்றாவதாகச் சும்மா பணத்தோடு நிற்பவருக்குப் பெயர் போய்விடலாம்.

விண்ணப்பம் போட்டபிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் நடக்காது. போன சுற்றில் சிலர் தங்களுக்குள் தனி ஏலம் வைத்துப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இந்தச் சுற்றில் அந்த மாதிரித் தனித் தீர்வுகளுக்குத் தடை. பேச வேண்டியதை எல்லாம் விண்ணப்பத்துக்கு முன்னால் பேசியாக வேண்டும். போன சுற்று 2012-இல் நடந்தது, இது 2026. பதினான்கு வருஷம் கழித்துத் திறக்கிற வாசல் இது.

தமிழ்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போவது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை, தொழிலில் பட்டுத் தெரிந்தது. என் கடையின் பழைய வட்டு ஒன்றில் இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. தாத்தா பத்திரிகையைப் பார்க்க வேண்டும் என்று பேரன் வந்து கேட்டான். திறந்தால் வெறும் கட்டமும் கேள்விக்குறியும். அந்த எழுத்துரு இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியாக்கம், அதாவது எழுத்தைக் கணினிக்குள் எண்ணாக வைத்துக்கொள்கிற முறை, வைத்திருந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் திஸ்கி என்றார்கள். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாம், டாப் என்று தரங்கள் வந்தன. விசைப்பலகை மட்டும் ஒழுங்காகத் தேறியது, நான் இன்றும் அதில்தான் அடிக்கிறேன், இந்த மடலையும். குறியாக்கத்தில் எல்லாரும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) வந்துசேர இன்னும் பல வருஷம் ஆனது. தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-இல். அந்த இடைவெளியில் எழுதப்பட்டது எத்தனையோ இன்று படிக்க முடியாமல் கிடக்கிறது. அந்தப் பேரனுக்குப் பத்திரிகையை நான் கடைசிவரை எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அதேசமயம், ஒரே தண்ணீரில் இரண்டு பேர் வலை போட வேண்டியிருந்தால் என்ன செய்யலாம் என்று இந்தக் கரைக்குத் தெரியும். விசைப்படகுகள் வந்த புதிதில் நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுந்தன. சண்டை, அடிதடி, படகு எரிப்பு வரை போனது. எழுபதுகளின் பிற்பகுதியில் உட்கார்ந்து பேசி, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு வந்தது. மீறல்கள் உண்டு, மனக்குறைகள் உண்டு. இருந்தாலும் இன்றும் ராமேஸ்வரத்தில் விசைப்படகு எந்தக் கிழமை கிளம்பும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த ஏற்பாட்டில் யாரும் கடலைச் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. பின்னொட்டை நாள் கணக்கில் பிரிக்க முடியாது, அது தெரியும். ஆனால் நடத்துவது யார், விதி எழுதுவது யார், விலை வைப்பது யார், தொழில்நுட்பம் பார்ப்பது யார் என்று வேலையைப் பிரிக்கலாம்.

என் மனதில் இருப்பது இது. லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை விண்ணப்பிக்கட்டும். அதன் குழுவில் தமிழ்நாட்டு அரசுக்கு ஓர் இடம் இருக்கட்டும், பெரும்பான்மை வேண்டாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, புலம்பெயர்ந்தோர் என்று எல்லாப் பக்கத்துக்கும் இடம் வேண்டும். புதுச்சேரியையும் மறந்துவிடக் கூடாது. அரசு கையிலேயே முழுதாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். 2017 செப்டம்பரில் கத்தலோனியாவின் பொதுவாக்கெடுப்புச் சமயத்தில் .கேட் பதிவகத்தின் அலுவலகத்துக்குள் ஸ்பெயின் காவல்படை புகுந்து சோதனை போட்டது, தொழில்நுட்ப அதிகாரியைக் கைதும் செய்தது. எந்த நாட்டின் சட்டத்துக்குக் கீழே பதிவகம் உட்காருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் கோலாலம்பூரில் இருப்பவரும் நம்பிப் பெயர் வாங்க வேண்டுமானால், ஒரே ஓர் அரசின் மேசை இழுப்பறையில் சாவி இருக்கக் கூடாது.

நிறுவனங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. பின்னணி வழங்கிகளை இரவும் பகலும் ஓட்டுவது அறக்கட்டளையால் முடிகிற வேலை இல்லை. அதைக் கூலிக்குச் செய்யட்டும், நியாயமான லாபம் பார்க்கட்டும். பெயரின் உரிமையை மட்டும் கேட்க வேண்டாம். அமேசான் என்ற பெயருக்கு அந்த ஆற்றங்கரை நாடுகளும் நிறுவனமும் 2012-லிருந்து மல்லுக்கட்டி, கடைசியில் பின்னொட்டு நிறுவனத்துக்குப் போனது. படகோனியா என்ற பெயரைக் கேட்ட உடை நிறுவனம் அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் 2013-இல் தானாக விலகிக்கொண்டது. இரண்டாவது நிறுவனத்தைத்தான் நான் மதிக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னொட்டு கிடைத்துவிட்டால் அக்காவின் ஸ்டிக்கர் மறுநாளே வேலை செய்துவிடாது. .இந்தியா முகவரிக்கு வந்த அதே தொல்லை .தமிழுக்கும் வரும். நீல நிறமாகாது, படிவங்கள் தமிழ் மின்னஞ்சலைத் தவறான முகவரி என்று தள்ளும். செயலிகளும் படிவங்களும் உலக மொழிகள் எல்லாவற்றிலும் வருகிற முகவரிகளை ஏற்கும்படி மாற வேண்டும். அதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். இன்று அந்த அக்காவுக்காக யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழின் பெயரில் ஒரு பதிவகம் இருந்தால், அதைக் கேட்பதே அதன் வேலையாக இருக்கும். தமிழ்நாடு அரசு இன்றைக்கே தொடங்கக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. உங்கள் சொந்த இணையதளங்களின் படிவங்கள் தமிழ் மின்னஞ்சலை ஏற்கும்படி செய்யுங்கள். அதற்கு ஐகேன் தேவையில்லை, இரண்டு கோடியும் தேவையில்லை.

விலையைப் பற்றி ஒரு வரி. ஒரு பெயருக்கு வருஷத்துக்கு ஆகும் செலவு, எங்கள் பக்கம் ஒரு கிலோ நல்ல நெத்திலிக் கருவாட்டின் விலையைத் தாண்டக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையேறி நிற்கும், பழுது பார்ப்பார்கள், சங்கக் கூட்டங்கள் நடக்கும். விண்ணப்ப வாசல் திறக்கிறதும் அந்தச் சமயத்தில்தான். அதற்கு முன்பே ஒரு கூட்டம் போடுங்கள். சென்னை என்றாலும் சரி, ராமநாதபுரம் என்றாலும் சரி. இடம் கிடைக்கவில்லை என்றால் பாம்பனில் சங்கக் கட்டடத்தைக் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. நான் வருகிறேன். கருவாட்டு அக்காவிடம் கேட்டுவிட்டேன், அவரும் வருகிறார், மிச்சமிருக்கிற ஸ்டிக்கரோடு. மண்டபத்துப் பையனும் நோட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறான். ஆனால் முகாமிலிருந்து வெளியூர் போவதென்றால் அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆகவே தேதியைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கணினி மையக்காரர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.